சீட்டுக்கடியில் சிக்கிய கேள்விகள்

பட்டனை அழுத்தினால் நகரும் கார் சீட்டுகளைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். கடிதங்கள் குவிந்துவிட்டன. சீட்டுக்காக நம்மவர்கள் இவ்வளவு மெனக்கெடுவது தேர்தல் நேரத்தில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

கே: ‘8-வே பவர் சீட்’ என்று சொல்லி விற்றார்கள். நானும் பட்டனை எல்லாப் பக்கமும் அழுத்திப் பார்த்துவிட்டேன். நாலு அசைவுதான் தேறுகிறது. ஏமாந்துவிட்டேனா?
– திருச்சி வாசகர்

ப: ஏமாறவில்லை. முன்னே போவதை ஒன்று என்றும், பின்னே வருவதை இன்னொன்று என்றும் கம்பெனிக்காரர்கள் எண்ணுவார்கள். முன்-பின் நகர்வு, உயரம், தொடைக்கு அடியில் உள்ள முன்விளிம்பின் சாய்வு, முதுகின் சாய்வு என்று நாலு அசைவு. போக ஒன்று, வர ஒன்று என்று எட்டாகிவிட்டது. கணக்கு வாத்தியார் ஒப்புக்கொள்ள மாட்டார், மார்க்கெட்டிங் மேனேஜர் ஒப்புக்கொள்வார். இடுப்புக்குத் தாங்கல் கொடுக்கும் ‘லம்பார்’ வசதி இருந்தால் எண்ணிக்கை பத்தோ பன்னிரண்டோ ஆகும். நீங்கள் ‘வே’யை எண்ணாமல் மோட்டாரை எண்ணுங்கள். பொதுவாக ஓர் அசைவுக்கு ஒரு மோட்டார்.

கே: என் மாமனார் தொண்ணூறு கிலோ. அவரை வீட்டில் சோபாவிலிருந்து நகர்த்த எங்களால் முடிவதில்லை. கார் சீட்டில் உள்ள குட்டி மோட்டார் மட்டும் எப்படி அலுங்காமல் தூக்குகிறது? பிரேக் போட்டால் வழுக்காதா?
– கோவை வாசகர்

ப: மாமனாரைத் தூக்குவது மோட்டாரின் பலம் இல்லை, கியரின் சாமர்த்தியம். சீட்டுக்கடியில் இருப்பது கைப்பிடிக்குள் அடங்கும் 12 வோல்ட் மோட்டார். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும், ஆனால் சுற்றும் வேகத்துக்கு ஏற்ற வலு கிடையாது. அதன் தண்டில் திருகு போல மரை வெட்டிய ‘வார்ம் கியர்’ இருக்கிறது. அது ஒரு முழுச் சுற்று சுற்றினால் பக்கத்தில் உள்ள பல்சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். வேகம் செத்து வலுவாக மாறுவது அந்த இடத்தில்தான். அங்கிருந்து சீட் ரெயிலுக்குள் ஓடும் நீண்ட மரைத்தண்டு சுற்றும், அதில் கோத்திருக்கும் நட் மெல்ல நகரும், நட்டோடு சீட்டும் நகரும்.

வழுக்குமா என்ற கேள்விக்குப் பதில் உங்கள் டிக்கியிலேயே கிடக்கிறது. பஞ்சர் ஆனால் எடுக்கிறீர்களே, அந்தத் திருகு ஜாக்கி. கைப்பிடியைச் சுற்றினால் கார் உயரும். காரின் எடை ஜாக்கியை அழுத்தி, கைப்பிடி தானாகத் திரும்பிச் சுற்றியதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். மரையின் சாய்வு அவ்வளவு குறைவு. சீட்டிலும் அதே கதைதான். மோட்டார் சீட்டைத் தள்ளும், சீட்டால் மோட்டாரைத் தள்ள முடியாது. அதனால்தான் பவர் சீட்டுக்குத் தனியாகப் பூட்டுக் கம்பி இல்லை. கையால் நகர்த்தும் சீட்டில் நெம்புகோலைத் தூக்கினால் ரெயிலின் பல்லிலிருந்து ஒரு கொக்கி விலகும், விட்டால் மாட்டிக்கொள்ளும். இங்கே எப்போதும் பூட்டியே இருக்கிறது.

திசை மாறுவது எப்படி என்று அடுத்த வாரம் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். சும்மா இருக்கும்போது மோட்டாரின் இரண்டு முனையும் எர்த்தில் இருக்கும். முன்னே அழுத்தினால் ஒரு முனைக்கு 12 வோல்ட், பின்னே அழுத்தினால் மறுமுனைக்கு. கையை எடுத்ததும் இரண்டும் மறுபடி எர்த்துக்குத் திரும்புவதால், ஓடிக்கொண்டிருந்த மோட்டார் தானே தனக்குத் தடையாகி சட்டென்று நிற்கும். அதனால்தான் நினைத்த இடத்தில் நிறுத்த முடிகிறது.

கே: சீட் முன்னே போகும்போது இடது பக்கம் முதலில் போகிறது, வலது பக்கம் யோசித்துவிட்டுப் பின்னால் வருகிறது. ‘கடகட’ சத்தம் வேறு.
– நாகர்கோவில் வாசகி

ப: ஒரு மோட்டார், இரண்டு ரெயில். பல சீட்டுகளில் மோட்டாரிலிருந்து இருபுறமும் வளையும் கேபிள் ஒன்று சுழன்றபடி ரெயிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும். அதில் ஒரு பக்கத்து முனை தேய்ந்தாலோ நழுவினாலோ ஒரு ரெயில் ஓடும், மற்றது சண்டித்தனம் செய்யும். பட்டனை அழுத்துவதை இன்றோடு நிறுத்துங்கள். கோணலாகவே ஓட்டினால் ரெயில் வளைந்துவிடும். கேபிள் செலவு சின்னது, ரெயில் செலவு பெரியது. மாற்றும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவில் நிற்கிறதா என்று பார்த்து மாட்டுகிறார்களா என்று கவனியுங்கள். அதைச் செய்யாமல் மாட்டினால் புது கேபிளும் பழைய கோணலும் சேர்ந்து வீட்டுக்கு வரும்.

கே: சீட் அசையவே இல்லை. மெக்கானிக்கிடம் போவதற்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?
– சேலம் வாசகர்

ப: உண்டு, ஸ்பேனர் எடுக்காமலே பாதி நோயைக் கண்டுபிடிக்கலாம்.

முதலில் ராத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு உள்விளக்கைப் போடுங்கள். சீட் பட்டனை அழுத்துங்கள். விளக்கு லேசாக மங்கினால் மின்சாரம் மோட்டார் வரை போகிறது, ஆனால் ஏதோ ஒன்று சீட்டைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். மங்கவே இல்லையென்றால் மின்சாரமே போகவில்லை. ஃபியூஸ், சுவிட்ச், வயர் என்று தேட வேண்டும். இது பட்டறைக்காரர்களின் பழைய வித்தை. எல்.இ.டி. விளக்கு வந்த பிறகு கொஞ்சம் மவுசு குறைந்துவிட்டது, அது அவ்வளவு சீக்கிரம் மங்காது.

பிடித்து வைத்திருக்கும் ‘ஏதோ ஒன்று’ பெரும்பாலும் என்ன தெரியுமா? ஐந்து ரூபாய் நாணயம், பேனா மூடி, தண்ணீர் பாட்டில், குழந்தையின் பொம்மைக் காரின் சக்கரம், கடலைத் தோல். டார்ச் அடித்து ரெயிலுக்குள் பாருங்கள். எடுப்பதற்கு மரக்குச்சி போதும். விரலை விட்டுத் துழாவாதீர்கள், அந்தத் தகட்டின் விளிம்பு பிளேடு மாதிரி. நீங்கள் கீழே துழாவும்போது மேலே இன்னொருவர் ‘இப்ப ஓடுதா பாரு’ என்று பட்டனை அழுத்துவது நம் குடும்பங்களின் பாரம்பரியம். அந்தப் பாரம்பரியத்தை முதலில் கைவிடுங்கள்.

எல்லா அசைவும் செத்திருந்தால் ஃபியூஸ் மேல் சந்தேகப்படுங்கள். எந்த ஃபியூஸ் என்பது காரோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது, பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால் படிக்கலாம். அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும். ‘பெரிசா போட்டா போகாது சார்’ என்று யாராவது சொன்னால், ஃபியூஸ் போகாது, அதற்குப் பதிலாக வயர் போகும். மற்ற அசைவெல்லாம் சரியாக இருந்து ஒரு திசை மட்டும் வேலை செய்யாவிட்டால் சுவிட்ச் குற்றவாளி. மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் சீட் நகராவிட்டால் உள்ளே பிளாஸ்டிக் கியரின் பல் கொட்டிவிட்டது. சிக்கியபடி நெடுநேரம் அழுத்திவிட்டு, பிறகு கொஞ்ச நேரம் கழித்துத் தானே உயிர் வந்தால் பயப்படாதீர்கள். பல மோட்டார்களுக்குள் சூடானால் தொடர்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஒன்று உண்டு, ஆறினால் சேர்த்துவிடும். ஆனால் அது உங்களுக்கு விடுக்கும் எச்சரிக்கை, அடுத்த சுற்றுக்கு அழைப்பு இல்லை.

கே: சீட் ரெயிலுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?
– பொள்ளாச்சி வாசகர்

ப: தலைக்கு விடுங்கள். ரெயிலில் விட்டால் தூசியைச் சேர்த்துப் பசையாக்கும். துரு நீக்கும் ஸ்பிரேயும் இதற்கு நிரந்தர மருந்து இல்லை, உள்ளே இருக்கும் நல்ல கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். பழைய அழுக்கைத் துடைத்துவிட்டு, மரைத்தண்டில் வெள்ளை லித்தியம் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் பூசி, சீட்டை முன்னும் பின்னும் முழுதாக ஓட்டினால் போதும்.

கே: சீட்டை இப்படி அடிக்கடி ஓட்டினால் பேட்டரி தீர்ந்துவிடும் என்று கணவர் திட்டுகிறார். உண்மையா?
– மதுரை வாசகி

ப: கணக்குப் போட்டுக் காட்டுங்கள். மோட்டார் 10 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 விநாடி அழுத்தினால் 100 ஆம்பியர்-விநாடி. 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,44,000. அதாவது 1,440-ல் ஒரு பங்கு. எஞ்சினை அணைத்துவிட்டு கிரிக்கெட் வர்ணனை கேட்பவருக்கு இதைப் பேசும் உரிமை இல்லை.

கே: காரைப் பூட்டி வைத்திருக்கும்போது சீட் தானாக ஓடித் தீப்பிடிக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, புரளிதானே?
– திருநெல்வேலி வாசகர்

ப: வாட்ஸ்அப்பில் வந்ததில் நூற்றுக்கு ஒன்று உண்மையாக இருந்து தொலைக்கும். 2024 ஜூனில் அமெரிக்காவில் கியா நிறுவனம் ‘டெல்லுரைடு’ கார்களை, 2020 முதல் 2024 வரையிலான மாடல்கள், 4.6 லட்சத்துக்கு மேல் திரும்ப அழைத்தது. காரணம், முன்சீட்டை நகர்த்தும் பக்கவாட்டுக் குமிழ். பக்க மூடியில் ஏதாவது இடித்தால் குமிழ் இடம் பிசகி, அழுத்திய நிலையிலேயே சிக்கிக்கொள்ளலாம். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், சூடாகும், தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. சரிசெய்யும் வரை வீட்டை ஒட்டி நிறுத்தாமல் வெளியே நிறுத்துங்கள் என்றே சொன்னார்கள். மருந்து என்னவோ எளியதுதான்: சுவிட்சின் பின்மூடிக்கு ஒரு பிராக்கெட், புதிய குமிழ். அந்தக் கார் இந்தியாவில் விற்பனைக்கு இல்லை.

ஆனால் பாடம் இங்கும் செல்லும். பல கார்களில் சாவி இல்லாமலே பவர் சீட் வேலை செய்யும். சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே குடை, லேப்டாப் பை, முருங்கைக்காய்க் கட்டு எதையாவது செருகிவிட்டுக் கதவை அடித்துச் சாத்தும் பழக்கம் உள்ளவர்கள் அந்தப் பட்டனை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அழுத்தினால் தானே திரும்பி நடுவுக்கு வர வேண்டும். வராமல் மசமசவென்று நின்றால் உடனே சுவிட்சை மாற்றுங்கள். சாவி இல்லாமலே சீட் ஓடும் என்பதாலேயே குழந்தையைக் காருக்குள் தனியாக விடக்கூடாது. ஜன்னல் கண்ணாடியில் தடை உணர்ந்து திரும்பும் வசதி பல கார்களில் வந்துவிட்டது, சீட்டில் அது எல்லாவற்றிலும் இல்லை. குழந்தையின் கால் என்று அந்த மோட்டாருக்குத் தெரியாது.

கே: பின்சீட்டில் உட்காரும் என் மகன், முன்சீட்டின் பக்கவாட்டில் உள்ள ‘பாஸ் மோடு’ பட்டனை அழுத்தி என்னை டேஷ்போர்டு வரை தள்ளிவிடுகிறான். கண்டிப்பது எப்படி?
– தஞ்சாவூர் வாசகி

ப: பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரை நகர்த்தும் அதிகாரம் பொதுவாக மாமியார்களுக்கு மட்டுமே இருந்தது, இப்போது பட்டனுக்கும் வந்துவிட்டது. அது முன்சீட் காலியாக இருக்கும்போது காலை நீட்டிக்கொள்வதற்கான வசதி. ஆள் உட்கார்ந்திருக்கும்போது விளையாட்டு வேண்டாம். ஏர்பேக் வெடித்து விரியும் வேகம் பயங்கரமானது, அதற்கு இடம் வேண்டும். ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் டிரைவரின் மார்பெலும்புக்கும் இடையே 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையின் அறிவுரை. பக்கத்து சீட்டுக்காரர் முடிந்தவரை பின்னால்தான் உட்கார வேண்டும்.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. பவர் சீட் கிடைத்ததும் சிலர் சாய்வு நாற்காலி போலப் படுத்துக்கொண்டு திண்டிவனம் வரை தூங்குகிறார்கள். அப்படிப் படுத்தால் தோள்பட்டை பெல்ட் உடம்பைத் தொடாமல் காற்றில் நிற்கும். மோதினால் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் நழுவி, இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய பட்டை வயிற்றில் ஏறும். தூக்கம் வந்தால் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்குங்கள்.

கே: ஓடும்போது டிரைவர் சீட்டைச் சரிசெய்தால் என்ன? இதுதான் பல்லுப் பல்லாகக் குதிக்காதே.
– வேலூர் வாசகர்

ப: சீட் குதிக்காது, உங்கள் கவனம் குதிக்கும். பிரேக் மிதியிலிருந்து கால் தூரம் மாறுகிற நேரத்தில்தான் குறுக்கே ஓர் ஆடு வரும். அவரவர் சீட் நிலையை நினைவில் வைத்து அங்கே கொண்டுபோகும் ‘நினைவு’ பட்டன் பல கார்களில் வண்டி ஓடும்போது வேலை செய்யாது. காரைச் செய்தவர்களுக்கு ஆபத்து தெரிந்திருக்கிறது.

கே: பட்டன் 1 எனக்கு, பட்டன் 2 மனைவிக்கு. பேட்டரி மாற்றிய பிறகு இரண்டுமே மறந்துவிட்டது. சீட்டுக்கு மறதி நோயா?
– சென்னை அண்ணாநகர் வாசகர்

ப: சீட்டுக்கு உங்கள் உயரம் தெரியாது, மனைவியின் உயரமும் தெரியாது. மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும் தெரியும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சிறிய சென்சார் துடிப்பு அனுப்பும், கம்ப்யூட்டர் எண்ணி வைத்துக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றியதும் சில கார்களில் எண்ணிக்கை தொலைந்துவிடும். ஒவ்வோர் அசைவையும் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, முட்டி நிற்கும் வரை ஓட்டினால் சீட் மறுபடி தன் எல்லையைக் கற்றுக்கொள்ளும். பிறகு புதிதாகப் பதிவு செய்யுங்கள். துல்லியமான முறை உங்கள் கார் புத்தகத்தில் இருக்கும்.

இந்த ‘நினைவு’ ஏதோ நேற்று வந்தது என்று எண்ண வேண்டாம். 1957-ல் கேடிலாக் எல்டொராடோ பிரோம் காரிலேயே இருந்தது. சீட் வடிவத்திலேயே கதவில் குட்டி சுவிட்ச் வைத்து, எதை அழுத்தினால் எது நகரும் என்று பார்த்ததும் புரியும்படி செய்தது 1979-ல் வந்த மெர்சிடீஸ் எஸ்-கிளாஸ். சில கம்பெனிகள் இன்னமும் சீட்டின் பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மூன்று குமிழை ஒளித்து வைத்துவிட்டு, அதற்குக் கண்ணாமூச்சி என்று பெயர் வைக்காமல் ‘எர்கோனாமிக்ஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கே: காருக்குள் மோதிரம் விழுந்துவிட்டது. யூடியூபில் ஒருவர் நாலு போல்ட்டைக் கழற்றி அஞ்சே நிமிடத்தில் சீட்டை வெளியே எடுக்கிறார். நானும் செய்யட்டுமா?
– விழுப்புரம் வாசகர்

ப: அவர் சொல்லாமல் விட்டதைக் கேளுங்கள். அதன் பிறகு முடிவு உங்கள் கையில்.

இன்றைய கார் சீட் வெறும் ஆசனம் இல்லை. கதவுப் பக்க விளிம்பில், துணிக்கு உள்ளே, பக்கவாட்டு ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். ஹூண்டாய் நிறுவனம் 2023 அக்டோபர் முதல் இந்தியாவில் எல்லாக் கார்களுக்கும் ஆறு ஏர்பேக் என்று அறிவித்தது, மற்ற கம்பெனிகளும் அந்த வழியில் வந்துகொண்டிருக்கின்றன. ஆறு என்றால் அதில் இரண்டு பெரும்பாலும் முன்சீட்டுகளுக்குள்தான். பெல்ட் கொக்கியிலும், மோதும்போது பட்டையை வெடுக்கென்று இறுக்கும் ‘ப்ரீடென்ஷனர்’ இருக்கலாம். இரண்டுமே வெடிமருந்தால் இயங்குபவை. அவற்றுக்குப் போகும் வயர், கனெக்டர் எல்லாம் பெரும்பாலும் மஞ்சள் நிறம். மஞ்சளைக் கண்டால் கையை எடுப்பது பட்டறையின் முதல் பாடம்.

சரியாகச் செய்பவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். முதலில் சீட்டை முழுதாகப் பின்னே தள்ளி முன்பக்கத்து இரண்டு போல்ட்டைக் கழற்றுவார்கள். பிறகு முன்னே கொண்டுவந்து பின்பக்கத்து இரண்டைக் கழற்றுவார்கள். பல கார்களில் அது நட்சத்திர வாய் போல்ட், சரியான பிட் இல்லாமல் திருகினால் தலை தேய்ந்து, மோதிரத்தைவிட அதிகம் செலவு வைக்கும். கனெக்டரைத் தொடும் முன் சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுவார்கள். இந்த வரிசை மாறினால் கதை கந்தல். பேட்டரியை முதலில் கழற்றிவிட்டு, ‘சீட் நகரலையே, பின் போல்ட்டை எப்படி எடுக்கிறது’ என்று தலையைச் சொறிபவர்களே அதிகம்.

பேட்டரியைக் கழற்றியதும் ஒரு டீ குடிப்பார்கள். சோம்பேறித்தனம் இல்லை, அதுதான் விதி. விபத்தில் பேட்டரி நொறுங்கினாலும் ஏர்பேக் வெடிக்க வேண்டும் என்பதற்காக அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டர் உண்டு. பேட்டரி போன பிறகும் கொஞ்ச நேரம் அதற்கு உயிர் இருக்கும். பல டொயோட்டா கார்களுக்கு 90 விநாடி, ஹோண்டாவுக்கு 3 நிமிடம் என்று கையேடுகள் சொல்கின்றன. உங்கள் காருக்கு எவ்வளவு என்பதை உங்கள் காரின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். அதன் பிறகே சீட்டுக்கடியில் கனெக்டரைக் கழற்ற வேண்டும், அதற்கு முன் உலோகத்தைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். மஞ்சள் வயரில் டெஸ்ட் லைட், மல்டிமீட்டர் எதையும் வைக்கக்கூடாது. மீட்டர் அனுப்பும் சொற்ப மின்சாரம்கூட ஏர்பேக்கை உசுப்பிவிடலாம்.

வெளியே எடுத்த பவர் சீட் பெரும்பாலும் 25 கிலோவுக்கு மேல் இருக்கும். தனியாளாகத் தூக்கினால் ஒன்று முதுகு பிடிக்கும், அல்லது கதவு நிலை கீறும். எடுத்ததை நிமிர்த்தி வைக்க வேண்டும், ஏர்பேக் உள்ள பக்கத்தைச் சுவரோடு அணைத்து வைக்கக்கூடாது. மாட்டும்போது மஞ்சள் கனெக்டர் ‘க்ளிக்’ என்று உட்கார்ந்த பிறகே பேட்டரி. நடுவில் யாராவது ஆர்வக்கோளாறில் சாவியைப் போட்டால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து, பிழைக்குறியீடு பதிவாகிவிடும். பிறகு ஸ்கேனர் வைத்து அழித்தால்தான் அணையும்.

இவ்வளவும் படித்த பிறகும் ஸ்பேனர் எடுக்கத் தோன்றினால் எடுங்கள். என்னைக் கேட்டால், முதலில் ஒரு நீளமான குச்சியின் முனையில் கொஞ்சம் டேப் ஒட்டி மோதிரத்தைத் தேடிப் பாருங்கள்.

கே: சர்வீஸ் முடிந்து வந்த காரில் சீட்டின் ஒரு போல்ட் இல்லை. கேட்டால் ‘மூணு இருக்கே சார், தாங்கும்’ என்கிறார்கள்.
– ஓசூர் வாசகர்

ப: அவர்கள் பில்லில் நாலில் மூன்று பங்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள், தாங்குகிறதா என்று.

சீட்டில் ஒரு போல்ட்டின் மதிப்பு என்ன என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் சாட்சி. 2014-ல் கேடிலாக் எஸ்ஆர்எக்ஸ், ஷெவர்லே கமாரோ உள்ளிட்ட நாலு லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள். பவர் சீட்டின் உயரத்தை மாற்றும் பகுதியைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்து விழுந்துவிடலாம், விழுந்தால் சீட் திடீரென்று அடிமட்டத்துக்கு இறங்கும் என்பதுதான் குறை. ஓட்டிக்கொண்டிருக்கும்போது பொசுக்கென்று கீழே போனால் ஸ்டீயரிங் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் காரில் விடுபட்டதோ சீட்டைத் தரையோடு பிணைக்கும் போல்ட். மோதலில் உங்கள் எடை முழுதும், பெல்ட் கொக்கி இழுக்கும் இழுப்பும் அதன் மேல்தான் வரும். அதே ரகப் போல்ட் கேளுங்கள், கடையில் கிடைத்த ஏதோ ஒன்று வேண்டாம். கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கச் சொல்லுங்கள். ‘கையிலேயே தெரியும் சார்’ என்றால், அந்தக் கை எங்கே படித்தது என்று கேளுங்கள்.

கே: புது சீட் கவர் போட்டேன். அழகாக, இறுக்கமாக இருக்கிறது. ஏர்பேக் என்ன ஆகும்?
– கரூர் வாசகி

ப: இறுக்கம் என்பதுதான் பிரச்சினை. பக்கவாட்டு ஏர்பேக் வெளியே வர, கம்பெனி சீட்டின் தையலிலேயே பிய்யும் இடம் விட்டிருக்கிறார்கள். அதன் மேல் நீங்கள் தடிமனான ரெக்சினைப் போட்டு மூடினால், விரிய வேண்டிய பை திசை மாறலாம், தாமதமாகலாம். பக்கத்தில் திறப்பு உள்ள, அல்லது ஏர்பேக்குக்கென்றே பலவீனமான தையல் போட்ட கவராக வாங்குங்கள். சீட் விளிம்பில் ‘ஏர்பேக்’ என்று எழுதிய சிறு பட்டை இருந்தால் அது வெளியே தெரிய வேண்டும். காற்று வீசும் சீட்டாக இருந்தால் இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு: மின்விசிறிக்குக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, அதன் வாயை ரெக்சினால் அடைக்கிறோம்.

கே: பக்கத்து சீட்டில் தேங்காய் மூட்டை வைத்தால் ‘பெல்ட் போடு’ என்று கத்துகிறது. அந்தக் கத்தலை நிறுத்த ஒரு கிளிப் கிடைக்கிறதாமே?
– பட்டுக்கோட்டை வாசகர்

ப: 2019 ஜூலை முதல் முன்சீட்டு இரண்டுக்கும் இந்த எச்சரிக்கை கட்டாயம். சீட்டுக்குள் உள்ள சென்சாருக்கு எடைதான் தெரியும், தேங்காயா ஆளா என்று தெரியாது. அந்தக் கிளிப்பை விற்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் ஆன்லைன் கடைகளுக்கு உத்தரவே போட்டது. மூட்டையை டிக்கியில் வையுங்கள்.

கே: சென்னையில் நல்ல விலைக்குப் பழைய கார் வருகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்றதோ என்று சந்தேகம். விற்பவர் ‘சத்தியமா இல்லை’ என்கிறார்.
– காஞ்சிபுரம் வாசகர்

ப: சத்தியத்தை விடுங்கள், சீட்டைக் கேளுங்கள். மேலே பாலீஷ் போட்டு, வாசனைத் திரவியம் அடித்து எல்லாவற்றையும் மறைத்துவிடலாம், சீட்டின் அடிவயிற்றை மறைப்பது கடினம். டார்ச்சும் கைப்பேசியும் எடுத்துக்கொண்டு போங்கள். சீட்டை முழுதாக முன்னே தள்ளிப் பின்பக்கத்து ரெயிலைப் படம் எடுங்கள், பிறகு பின்னே தள்ளி முன்பக்கத்தை. கிரீஸ் பூசிய இடத்தில் காய்ந்த வண்டல் ஒட்டியிருக்கிறதா, வெளியே தெரியும் ஸ்பிரிங் கம்பியில் செந்துரு இருக்கிறதா, கனெக்டர் முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். நாலு போல்ட்டின் தலையிலும் ஸ்பேனர் பட்ட காயம் இருந்தால் சீட்டை ஒருமுறை வெளியே எடுத்திருக்கிறார்கள். ஏன் எடுத்தீர்கள் என்று கேளுங்கள், பதிலைவிட முகத்தைக் கவனியுங்கள்.

பிறகு ஒவ்வொரு மோட்டாரையும் கோடியிலிருந்து கோடி வரை ஓட்டுங்கள். விற்பவர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும். ஓரிடத்தில் திணறி, ஓரிடத்தில் முனகினால் உள்ளே தண்ணீர் போன கதை இருக்கலாம். மோட்டார் போனால் மாற்றிவிடலாம், அதைவிடப் பெரிய கவலை வேறு. ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி பல கார்களில் இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே, தரை மட்டத்தில் இருக்கிறது. சீட் மெத்தை வரை தண்ணீர் வந்திருந்தால் அதுவும் முங்கியிருக்கும். சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியாமலே இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

கே: புதுப்பேட்டையில் விபத்து காரின் பவர் சீட் மலிவாகக் கிடைக்கிறது. என் காரில் மாட்டிக்கொள்ளலாமா?
– தாம்பரம் வாசகர்

ப: புதுப்பேட்டையில் கிடைக்காத உதிரிபாகம் இல்லை என்பது உண்மை. ஆனால் விபத்தில் அடிவாங்கிய சீட்டின் சட்டம் வளைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. பெல்ட் கொக்கியின் ப்ரீடென்ஷனர் ஏற்கெனவே வெடித்திருக்கலாம். ரெயில் உங்கள் காரின் துளைகளுக்குச் சேராவிட்டால் தகடு வைத்து வெல்டிங் அடிப்பார்கள், அங்கே தொடங்கும் ஆபத்து. பவர் சீட் ஆசை வந்தால் அது உள்ள மாடலாகவே அடுத்த காரை வாங்குங்கள்.

கே: எங்கள் ஊர் மெக்கானிக் சீட்டைக் கழற்றும் முன் பேட்டரியைக் கழற்றுவதே இல்லை. கேட்டால் ‘இருபது வருஷமா இப்படித்தான் பண்றேன், ஒண்ணும் ஆகலை’ என்கிறார். என்ன சொல்வது?
– தேனி வாசகர்

ப: அவர் கழற்றிய பழைய கார்களில் பலவற்றின் சீட்டுக்குள் ஏர்பேக்கே இருந்திருக்காது, அதனால்தான் ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். சாவியை வாங்கிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போங்கள்.